ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் – பிரான்செஸ்கோ கிளெமெந்தேயின் இந்தியப் படைப்புகள்: ஒரு மொழியியல் நோக்கு

முன்னுரை

இத்தாலிய ஓவியரும் சிற்பியுமான பிரான்செஸ்கோ கிளெமெந்தே தம் படைப்பு வாழ்வின் கணிசமான பகுதியைத் தமிழ்நாட்டில் கழித்தவர். சென்னை அடையாற்றில் பயின்று, புதுச்சேரித் தாளில் தீட்டி, திருவான்மியூர் அச்சகத்தில் நூல் அச்சிட்டவர். எனினும் அவரைப் பற்றித் தமிழில் விரிவான ஆய்வு தோன்றவில்லை. மேலைநாட்டுக் கலைத் திறனாய்வாளர்கள் அவரது இந்தியத் தொடர்பைப் பெரும்பாலும் சமயம், தத்துவம் ஆகியவற்றின் வழியே விளக்கினர். அவருடைய படைப்புகளில் உழைத்த கைகள் பற்றிய வினா அவ்விளக்கங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இக்கட்டுரை அவ்வினாவை மொழியியல் கண்கொண்டு அணுக முற்படுகிறது. மொழித் தொடர்பியல் தரும் கருத்துகளும், தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்கு வகுத்த பொருள்களும் இதற்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓர் ஓவியத்தைப் 'பலர் சேர்ந்து' செய்தனர் என்னும்போது ஒவ்வொருவரும் அச்செயலில் எந்நிலையில் நிற்கின்றனர் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் சொற்கள் நம் இலக்கண மரபில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கலைத் திறனாய்வுக்குப் பயன்படுத்த இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. வாழ்வும் பணியும்

கிளெமெந்தே 1952ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். 1970இல் ரோம் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்து, பட்டம் பெறாமலேயே வெளியேறினார். ரோமில் அவருக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் அமைந்தவர் அலிகியேரோ பொயெத்தி. இவர் 1970களின் தொடக்கத்திலிருந்து காபூல் நகரில் ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைப் பூத்தையலாகச் செய்வித்தவர். கிளெமெந்தே 1973இல் முதன்முறையாக இந்தியா வந்தார். 1974இல் பொயெத்தியுடன் ஆப்கானித்தானத்தில் பயணம் செய்தார்.

பொயெத்தி தம் பெயரின் இரு பகுதிகளுக்கும் இடையே இத்தாலிய மொழியில் 'உம்' என்னும் பொருள்தரும் 'எ' என்ற இடைச்சொல்லைச் சேர்த்து, 'அலிகியேரோவும் பொயெத்தியும்' எனத் தம்மை இருவராக்கிக் கொண்டார். தம் பெயரையே எண்ணும்மையாக மாற்றிய இவரிடமிருந்துதான், பிறர் கைகளைக் கொண்டு படைக்கும் முறை கிளெமெந்தேக்கு வந்தது எனல் பொருந்தும். ஆகவே அம்முறை இந்தியாவில் தோன்றியதன்று. இத்தாலியச் சூழலில் முளைத்து இந்தியாவில் வேர்கொண்டது.

1970களின் பிற்பகுதியில் அவர் சென்னையில் நீண்டகாலம் தங்கலானார். அடையாற்றுப் பிரம்மஞான சங்க நூலகம் அவருக்குப் பயிலிடமாயிற்று. 1979இல் திறனாய்வாளர் அக்கில்லே பொனீதோ ஒலிவா 'திரான்சவான்குவார்தியா' என்னும் இயக்கப் பெயரை உருவாக்கி, சாந்திரோ கியா, என்சோ குக்கி, நிக்கோலா தெ மரியா, மிம்மோ பலாதினோ ஆகியோருடன் கிளெமெந்தேயையும் அதனுள் அடக்கினார். கருத்தையே கலையாகக் கொண்ட அன்றைய போக்குக்கு மாறாக, உருவத்தையும் வண்ணத்தையும் மீட்டெடுத்த இவ்வோவியர்கள் 1980ஆம் ஆண்டு வெனிசு ஈராண்டுக் கண்காட்சியில் உலகக் கவனத்தைப் பெற்றனர். அதனையடுத்துக் கிளெமெந்தே நியூயார்க் நகரில் குடியேறினார். 1984இல் ஆண்டி வார்ஹோல், ழான் மிஷெல் பாஸ்கியா ஆகியோருடன் சேர்ந்து கூட்டு ஓவியங்களைத் தீட்டினார்.

பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் 1990இல் 'மூன்று உலகங்கள்' என்னும் பெயரில் நடத்திய கண்காட்சி இந்தியா, இத்தாலி, நியூயார்க் ஆகிய முக்களங்களையும் அவருடைய கலையின் அடித்தளங்களாக ஏற்றது. நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் 1999 – 2000இல் அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காட்டியது. 2014இல் அந்நகரின் ரூபின் அருங்காட்சியகம் அவருடைய இந்தியத் தொடர்பை மையமாக்கி நடத்திய கண்காட்சியில் புதிய சிற்பங்களும் இடம்பெற்றன. ஜோத்பூர்க் கைவினைஞர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஓவியக் கூடாரங்களுள் ஒன்றான 'மிளகுக் கூடாரம்' 2014 – 15 கொச்சி முசிறி ஈராண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஓவியம், சிற்பம், கூடாரம் என வடிவம் மாறினும், பிறர் கைகளோடு சேர்ந்து படைத்தல் என்னும் முறை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவரிடம் தொடர்ந்து வந்துள்ளமை இதனால் தெளிவாகும்.

2. சொற்கடனும் தொடரமைப்புக் கடனும்

இரு மொழிகள் ஒன்றோடொன்று உறவாடும்போது முதலில் கைமாறுவன சொற்கள். மாட்டுங்காவின் உணவகங்கள் வழியே 'தோசை' மராத்தியில் 'டோசா' ஆயிற்று. ஆனால் மராத்தியின் தொடரமைப்பு அதனால் சிறிதும் மாறவில்லை. சொற்கடன் எளிது; ஒலியை மாற்றிக்கொண்டால் போதும். தொடரமைப்புக் கடன் அரிது. அதற்கு நீண்டகால உடனுறைவு வேண்டும். மகாராட்டிரத்தின் சாங்கலி மாவட்டத்துக் குப்வாட் என்னும் சிற்றூரில் கம்பர்சும் வில்சனும் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அவ்வூரில் கன்னடம், மராத்தி, உருது ஆகிய மொழிகள் பல தலைமுறைகளாக அன்றாட வாழ்வில் கலந்து வழங்கியமையால், அவற்றின் தொடரமைப்புகள் ஒன்றையொன்று மிக நெருங்கிவிட்டன. சொற்கள் மட்டும் அவரவர் மொழிக்குரியனவாகவே நின்றன. சொல் அடையாளத்தைக் காத்தது. இலக்கணம் உறவை ஏற்றது.

இவ்வேறுபாட்டை ஓவியத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். கீழை நாடுகளை நாடி வந்த மேலை ஓவியர் பலர் சொற்கடனோடு நின்றனர். யானை, தாமரை, தெய்வ உருவம், பனைமரம் என்பன அவர்தம் திரையில் இடம்பெற்றன; ஆனால் ஒளிநிழல் அமைப்பும், தொலைவு காட்டும் முறையும், தூரிகை இயக்கமும் ஐரோப்பியக் கலைக்கூடத்தில் கற்றவையாகவே இருந்தன. சொல் இந்தியாவினுடையது; தொடரமைப்பு ஐரோப்பாவினுடையது.

கிளெமெந்தேயிடம் இந்நிலை தலைகீழாகக் காணப்படுகிறது. 1980ஐ ஒட்டிச் சென்னையில் அவர் உருவாக்கிய 'நிலவு', 'பசி', 'இரு ஓவியர்கள்' முதலிய பெரிய தாளோவியங்களில் காணப்படும் உருவங்கள் பெரும்பாலும் அவருக்கே உரியவை. அவருடைய முகம், அவருடைய உடல், உடலின் துளைகள், உண்ணல், தொடுதல் ஆகியன அவர் எங்கிருந்து தீட்டினும் திரும்பத் திரும்ப வருபவை. ஆனால் அவ்வுருவங்கள் நிற்கும் முறை வேறு. அழுத்தமான புறக்கோடு, மேடுபள்ளமற்றுப் பரவும் வண்ணம், பின்புலத்திற்கும் உருவத்திற்கும் இடையே ஆழமின்மை, தொலைவிலிருந்தே படிக்கத்தக்க தெளிவு ஆகியன நம் ஊர்க் கடைப்பலகை ஓவியத்தின் இலக்கணத்தைச் சார்ந்தவை. சென்னையின் விளம்பரப் பலகை ஓவியர்களோடு அவர் சேர்ந்து பணியாற்றியமை அறியப்பட்ட செய்தி. எனவே குப்வாட்டில் நிகழ்ந்தது போன்றே இங்கும் சொல் அவரவருடையதாக நிற்க, தொடரமைப்பு கலந்துள்ளது எனலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'இரு ஓவியர்கள்' என்னும் படைப்பு ஒன்பது தாள்களை இணைத்துச் செய்யப்பட்டது. அதில் இருவர் ஒருவர் மற்றவரது உடலின் துளைகளை விரலால் தொடுகின்றனர். உடலை ஒன்பது வாயில்களை உடையதாகக் கூறும் தமிழ்ச் சமய மரபை நன்கறிந்த நாம், ஒன்பது தாளையும் ஒன்பது வாயிலையும் இணைத்துப் பொருள்கூற விரைவோம். ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்பு காட்டுவது போன்றது அது. பன்னிரண்டு தாள்களால் ஆன படைப்புகளையும் அவர் செய்துள்ளார். எண்ணின் தற்செயல் ஒப்புமை சான்றாகாது. மாறாக, புறக்கோடும் வண்ணப்பரப்பும் பல படைப்புகளில் முறையாக மீண்டும் வருவன. அம்முறைமையே தொடரமைப்புக் கடனுக்குச் சான்றாகும்.

3. தாள்: முதற்கருவி

மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்வு ஆகிய மூன்றும் கூறப்படும். கருவி முதற்கருவி, துணைக்கருவி என இருவகைப்படும். குயவன் குடம் வனையும்போது மண் முதற்கருவி, சக்கரம் துணைக்கருவி. சக்கரம் குடத்தின் புறத்தே நின்றுவிடும். மண்ணோ குடமாகவே மாறும்.

கிளெமெந்தேயின் சென்னைப் படைப்புகளில் முதற்கருவி புதுச்சேரித் தாள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவுகளிலிருந்து தாள் செய்து வருகிறது. கைத்தாளின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. கூழ்த்தொட்டியில் சட்டத்தை முக்கி எடுப்பவரின் கை எட்டும் அளவே தாளின் அளவு. சுவரளவுப் படைப்பு வேண்டின் பல தாள்களை இணைத்தே ஆகவேண்டும். கிளெமெந்தே தாள்களைப் பசையால் ஒட்டி மூட்டுவாயை மறைக்கவில்லை. பருத்தித் துணிப்பட்டைகளால் அவற்றை இணைத்தார். ஆகவே ஓவியத்தை நெருங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு உருவத்தின் மீது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் புலனாகின்றன. முகத்தை அக்கோடு பிளக்கலாம். கையை இரு தாள்களில் பகுக்கலாம்.

இம்மூட்டுவாய்களைத் தொழில்நுட்பக் குறையாகக் கொள்ளாது, படைப்பின் பொருளுக்கு இன்றியமையாதனவாகக் கொள்ள வேண்டும். ஓவியம் முழுமையான ஒன்று என்னும் மயக்கத்தை அவை கலைக்கின்றன. பல துண்டுகளால், பலர் கைகளால் ஆனது என்பதை வெளிப்படையாக்குகின்றன. மேலும், துணிப்பட்டையால் இணைந்த தாளோவியம் மடித்து எடுத்துச் செல்லத்தக்கது. கண்டங்களுக்கிடையே இடம்பெயர்ந்து வாழ்ந்த ஓவியருக்கு அது இயைந்த வடிவம்.

அருங்காட்சியகங்களில் ஓவியத்தின் அருகே வைக்கப்படும் குறிப்பு அட்டைகள் ஆய்வுக்குரியவை. அவற்றில் 'கையால் செய்த புதுச்சேரித் தாள்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. ஊரின் பெயர் பதிவாகிறது. செய்தவர் பெயர் பதிவாவதில்லை. ஊர்ப்பெயர் தன்னிடத்து மக்களைச் சுட்டி நிற்பதை இடவாகுபெயர் என்போம். இங்குப் 'புதுச்சேரி' என்பது அத்தகைய ஆகுபெயர் போன்று நின்று, தொட்டியருகே நின்றவர், தாளை உலர்த்தியவர், பட்டையைத் தைத்தவர் ஆகிய அனைவரையும் ஒருசேர விழுங்கிக்கொள்கிறது. தாள் மண்ணைப் போன்று முதற்கருவியாதலின் இதனை ஓரளவு ஏற்கலாம். ஆனால் தூரிகை பிடித்த மனிதரும் இவ்வாறே கருவியாகக் கருதப்படின் அதனை ஏற்க இயலுமா என்பதே அடுத்த வினா.

4. 'பின்க்சித்' என்னும் வினைமுற்று

1980 – 81இல் கிளெமெந்தே ஜெய்ப்பூர் மரபைச் சார்ந்த சிற்றோவியர்களின் துணையுடன் பழைய கைத்தாள்களில் 24 சிற்றோவியங்களை உருவாக்கினார். இன்று வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள இத்தொகுதியின் பெயர் 'பிரான்செஸ்கோ கிளெமெந்தே பின்க்சித்'. 'பின்க்சித்' என்பது இலத்தீன் வினைமுற்று. படர்க்கை ஒருமை இறந்தகாலம். 'தீட்டினார்' என்பது பொருள். பழைய ஐரோப்பிய ஓவியர் தம் பெயரோடு இச்சொல்லை எழுதிக் கையொப்பமிடுவது வழக்கு.

இத்தலைப்பு ஒரு வகையில் நகைக்குறிப்பு உடையது. பிறர் தூரிகையால் தீட்டப்பெற்ற தொகுதிக்குத் 'தீட்டினார் கிளெமெந்தே' எனப் பெயரிடுவது, 'தீட்டியவர் யார்' என்னும் வினாவை வேண்டுமென்றே எழுப்புவதாகும். ஓவியர் தம் ஆசிரியத்தன்மையைத் தாமே ஐயத்திற்கு உள்ளாக்குகிறார் என மேலைத் திறனாய்வு இதனைப் பாராட்டும். அப்பாராட்டில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் இலத்தீன் மரபிலேயே இதற்கு வேறொரு வழி இருந்தது. ஐரோப்பிய அச்சோவியங்களின் கீழ்விளிம்பில் இரு பெயர்கள் பொறிக்கப்படுவதுண்டு. மூல ஓவியத்தைத் தீட்டியவர் பெயருடன் 'பின்க்சித்' என்றும், அதனைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் பெயருடன் 'ஸ்குல்ப்சித்' என்றும், கற்பனை செய்தவர் வேறாயின் அவர் பெயருடன் 'இன்வேனித்' என்றும் எழுதுவர். கருதியவர், தீட்டியவர், செதுக்கியவர் என வினைதோறும் வினைமுதலைத் தனித்தனியே சுட்டும் நேர்மை அவ்வழக்கில் இருந்தது. அம்மரபின்படி கிளெமெந்தேயின் பெயருக்குப் பின் வந்திருக்க வேண்டியது 'இன்வேனித்'. 'பின்க்சித்' என்பதன் முன் ஜெய்ப்பூர் ஓவியர்களின் பெயர்கள் வந்திருக்க வேண்டும். தலைப்பு ஒருமை வினைமுற்றைத் தேர்ந்துகொண்டபோது, மற்றொரு வரி எழுதப்படாமற் போயிற்று.

தமிழ் இலக்கணம் இதனை இன்னும் தெளிவாக்கும். கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகையாகப் பகுப்பர். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான் என்பது வழக்கு. கல் செதுக்கியவனும் தூக்கியவனும் அவனல்லன். ஏவியவன் மன்னன், இயற்றியவன் தச்சன். ஏவுதற் கருத்தாவை எழுவாயாக்கித் தன்வினையால் முடிப்பதை மொழி ஏற்கிறது. ஆனால் ஐயம் நேருமிடத்துக் 'கட்டுவித்தான்' என்னும் பிறவினை நமக்கு உண்டு. மேலும், 1010இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கல்வெட்டே குஞ்சரமல்லன் என்னும் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைப் பதிவு செய்துள்ளது. ஏவியவன் பேரரசனாயினும் இயற்றியவன் பெயர் கல்லில் இடம்பெற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரச ஆவணம் காட்டிய இக்கவனத்தை, இருபதாம் நூற்றாண்டின் கலைப் பதிவேடு காட்டியிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையன்று.

5. பெயர் பொறிக்கும் மரபு

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் மறுமொழி ஒன்றுண்டு. இந்தியக் கைவினைஞர் தம் பெயரைப் பொறிப்பதில்லை. பெயரின்மை அவர்தம் மரபு. ஆகவே மேலைக் கலைஞர் அதனை மதித்தாரேயன்றி மறைத்தாரல்லர் என்பர். பெருந்தச்சன் பெயரைத் தாங்கிய கல்வெட்டே இக்கூற்றின் பொதுமையை மறுக்கும். அது நிற்க, சென்னை விளம்பரப் பலகை ஓவியர்களைப் பொறுத்தவரை இக்கூற்று முற்றிலும் பொருந்தாது.

தமிழ்நாட்டிலும் மும்பைத் தமிழர் பகுதிகளிலும் கையால் எழுதப்பட்ட கடைப்பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் கண்டோர் அறிவர்: பலகையின் கீழ்மூலையில் எழுதியவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் பெயரை அடுத்து 'ஆர்ட்ஸ்' என்னும் சொல் வரும். அடுத்த வாடிக்கையாளர் தேடி வருவதற்கான முகவரி அது. தம் எழுத்தின் வளைவு தமக்கே உரியது என்னும் பெருமையும் அதுவே. திரைப்படப் பதாகை ஓவியர்களும் இவ்வாறே கையொப்பமிட்டனர். தாராவியிலும் செம்பூரிலும் ஃபிளெக்ஸ் அச்சுப் பலகைகள் வந்த பின்னரே அம்மூலை வெறுமையாயிற்று.

எனவே பெயரின்மை என்பது அவ்வோவியர் தம் தொழிலிலிருந்து கொண்டுவந்த பண்பன்று. தேநீர்க் கடையின் பலகையில் பெயர் எழுதிய கை, அருங்காட்சியகத்தின் வாயிலைக் கடந்தபோது பெயரை இழந்தது. மரபு அப்பெயரைப் பறிக்கவில்லை, இடமாற்றம் பறித்தது. இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது இக்கட்டுரையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

எழுதும் பலகைக்கும் மாட்டப்படும் ஓவியத்திற்கும் இடையே கடக்கவியலாத எல்லை இருந்தது எனவும் கூற இயலாது. 1930களில் மும்பையில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டிப் பிழைத்த எம்.எஃப். ஹுசைன், பின்னர் நாட்டின் புகழ்மிக்க ஓவியரானார். எல்லையைத் தாமே கடந்தவருக்குப் பெயர் கிடைத்தது. பிறரால் கடத்தப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. இது கிளெமெந்தே ஒருவரோடு நிற்கும் சிக்கலும் அன்று. 1894இல் மும்பையில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பூசையறைகளை நிறைத்தன. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் ஆயத்தம் செய்த தொழிலாளர் பெயர்களை அப்படங்களைப் பூசித்தோர் அறியார்.

6. அனுமன் நூல்கள்: ஒரு மாற்றுச் சான்று

கிளெமெந்தேயின் பணியிலேயே இதற்கு மாறான சான்று ஒன்று உள்ளது. 1986இல் அவரும் ரேமண்ட் ஃபோயும் இணைந்து 'அனுமன் நூல்கள்' என்னும் வெளியீட்டு வரிசையைத் தொடங்கினர். கோயில் வாயில்களில் விற்கும் தோத்திரச் சிறுநூல்களின் அளவையும் தோற்றத்தையும் முன்மாதிரியாகக் கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் அளவில் இவை அமைந்தன. பட்டி சுமித், வில்லியம் பர்ரோஸ் முதலிய அமெரிக்க எழுத்தாளரின் ஆக்கங்கள் இவ்வரிசையில் வெளிவந்தன. ஆசிரியர் குழு நியூயார்க்கில். அச்சும் தையலும் சென்னையில். திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரா அச்சகத்தில் சி.டி. நாச்சியப்பன் அவற்றை அச்சிட்டார். ஆலன் கின்ஸ்பர்க்கின் கவிதைக்குக் கிளெமெந்தே ஓவியம் தீட்டிய 'வெள்ளைச் சவத்துணி' என்னும் நூலும் இவ்வச்சகத்தில் 1980களின் முற்பகுதியில் உருவானதே.

இங்கு அச்சிட்டவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அவ்வரிசையைப் பற்றி எழுதுவோர் நாச்சியப்பனைக் குறிப்பிடாமல் எழுதுவதில்லை. காரணம் யாது? அச்சுத் தொழிலில் அச்சகத்தின் பெயரை நூலில் பொறிக்கும் வழக்கு நிலைபெற்றது. அச்சிட்டோர், வெளியிட்டோர் என்னும் இரு வரிகளுக்கு ஒவ்வொரு நூலிலும் இடமுண்டு. நூலின் வடிவமே இயற்றுதற் கருத்தாவுக்கு ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தது. அருங்காட்சியகக் குறிப்பு அட்டை ஒதுக்கவில்லை. ஒரே கலைஞர், ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம்; ஒன்றில் உடனுழைத்தவர் பெயர் நிற்கிறது, மற்றொன்றில் நிற்கவில்லை. ஆதலின் இதனைத் தனிமனிதரின் நல்லெண்ணக் குறைவாகக் கொள்வதினும், பதிவு வடிவத்தின் குறைபாடாகக் கொள்வதே பொருத்தம். வடிவத்தின் குறையைத் திருத்த இயலும் என்பது இதில் ஆறுதலளிக்கும் செய்தி.

7. 'வினைஞர்' என்னும் சொல்

கிளெமெந்தேயைப் பற்றிய எழுத்துகளைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இரு சொற்களைச் சார்ந்தது. இத்தாலிய மொழியில் 'அர்த்திஸ்தா', 'அர்த்திஜானோ' என்பன ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நாம் முன்னதைக் 'கலைஞர்' என்றும் பின்னதைக் 'கைவினைஞர்' என்றும் பெயர்க்கிறோம். பேச்சுத் தமிழிலோ மூன்று படிகள் உள்ளன. சுவருக்கு வண்ணம் அடிப்பவரும் பலகை எழுதுபவரும் 'பெயிண்டர்'. பதாகையில் முகம் தீட்டுபவர் 'ஆர்ட்டிஸ்ட்'. கண்காட்சியில் படம் வைப்பவர் 'ஓவியர்'. முதலிரண்டும் ஆங்கிலச் சொற்கள். மூன்றாவது தமிழ்ச் சொல். இத்தாலியர் 'ஓவியர்' ஆகவும், அவரோடு நின்று அதே தாளில் தீட்டிய தமிழர் 'பெயிண்டர்' ஆகவும் குறிக்கப்படுவது நம் சொல்வழக்கின் முரண்.

பழந்தமிழ் இப்பிரிவினையை அறியாது. மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் ஓவியரைக் குறிக்கக் 'கண்ணுள் வினைஞர்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. காண்போர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என்பது உரையாசிரியர் தரும் பொருள். சிலம்பில் இவரை அடுத்து மண்ணால் உருவம் சமைக்கும் 'மண்ணீட்டாளர்' கூறப்படுவதும் நோக்கத்தக்கது; ஓவியரும் சிற்பியும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். இன்று கைத்தொழிலாளரைப் பிரித்துக் காட்டப் பயன்படும் 'வினைஞர்' என்பதே அன்று ஓவியரைக் குறித்த சொல்லின் தலையாய உறுப்பாக இருந்தது. கண்ணுக்காகச் செய்யினும் கையால் செய்யினும் இருவரும் வினை செய்பவரே.

கலைச்சொல் உருவாக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வது நலம். கூட்டுப் படைப்புகளைக் குறிக்கையில் 'உடன்வினைஞர்' என்னும் சொல்லை ஆளலாம். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்வுப் பொருளையும் வினைமுதல் தன்மையையும் அது ஒருங்கே தாங்கும். 'கைவினைஞரால் செய்யப்பட்டது' என்னும்போது 'ஆல்' உருபு அவரைக் கருவியாகவும் காட்டலாம், கருத்தாவாகவும் காட்டலாம். 'உடன்வினைஞரோடு செய்தார்' என்னும்போது அவ்விருபொருள் நீங்கும்.

8. மறுப்பும் விடையும்

இவ்வாறு வாதிடுவது ஓவியரின் பங்கைக் குறைப்பதாகாதா என வினவலாம். ஆகாது. 1985இல் அடையாற்றில் தாமே தீட்டிய 108 நீர்வண்ண ஓவியங்களின் தொகுதி, பிறர் கையின்றியும் அவர் தேர்ந்த ஓவியரே என்பதைக் காட்டும். கடைப்பலகையின் இலக்கணம் தன் உருவங்களைத் தாங்கும் என முன்னுணர்ந்ததும் அவருடைய பார்வையே. அன்றைய தமிழ்நாட்டு ஓவியருள் பலர் பழஞ்சிற்பம், நாட்டுப்புறக் கலை, எழுத்துரு ஆகியவற்றில் ஊன்றியிருந்தனர். அவர்தம் தெருவிலேயே தொங்கிய கடைப்பலகையை ஒரு கலைமொழியாக மதித்து அதனிடம் கற்க முன்வந்தவருள் ஓர் அயல்நாட்டார் இருந்தார் என்பது நாம் சிந்திக்க வேண்டியது. பலகை எழுதியவரின் பெயரை மேலை அருங்காட்சியகம் பதியவில்லை என்பது உண்மை. தமிழ்க் கலை வரலாறு மட்டும் பதிந்துவிட்டதா என்னும் வினாவும் உடனெழும்.

ஊதியம் பெற்றுச் செய்த பணிக்குப் பெயர் எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. தாராவியின் தோற்பட்டறைகளில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தலைமுறைகளாகச் செய்த பொருள்கள் பிறர் பெயர் தாங்கி விற்பனையானதை அறிந்தோர்க்கு இவ்வாதம் புதியதன்று. கூலி உழைப்புக்கு ஈடாகலாம். ஒரு புறக்கோட்டின் வளைவு யாருடையது என்னும் செய்தியோ அறிவுத்துறைக்கு உரியது. அதனைக் கூலியால் ஈடுசெய்ய இயலாது. எக்கோடு எவர் கைக்குரியது எனத் தெரியாதவரை, மேலே கூறிய தொடரமைப்புக் கலப்பை நுணுகி ஆராய்வதும் இயலாது. பெயரைப் பதிதல் நன்றியறிதல் மட்டுமன்று. ஆய்வின் தேவையும் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கிளெமெந்தேயின் சென்னைப் படைப்புகளில் உருவங்கள் அவருக்குரியனவாக நிற்க, அவற்றை அமைக்கும் இலக்கணம் தமிழ்நாட்டுக் கடைப்பலகை ஓவியத்தை நெருங்குகிறது. இது சொற்கடனினும் ஆழமான தொடர்பு. இப்படைப்புகளில் தாள் முதற்கருவி. உடன் தீட்டியோர் இயற்றுதற் கருத்தாக்கள். கிளெமெந்தே சில இடங்களில் ஏவுதற் கருத்தாவாகவும் சில இடங்களில் இயற்றுதற் கருத்தாவாகவும் விளங்குகிறார். உடனுழைத்தோரின் பெயரின்மை அவர்தம் மரபிலிருந்து வந்ததன்று; பதிவு வடிவத்தின் குறைபாட்டால் நேர்ந்தது.

1980இல் இருபத்தைந்து வயதினராக இருந்த பலகை ஓவியர் இன்று எழுபதைத் தொட்டிருப்பார் அல்லது கடந்திருப்பார். அவர்தம் தொழில் ஃபிளெக்ஸ் அச்சால் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வழக்கிழக்கும் மொழியின் கடைசிப் பேச்சாளர்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்வதை மொழியியலார் தம் கடமையாகக் கொள்கின்றனர். அதே முறையைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் இவ்வோவியர்களிடத்தும் தாள் செய்தோரிடத்தும் மேற்கொள்ள வேண்டும். எக்கோடு யாருடையது, எவ்வண்ணம் யார் கலந்தது, அயல்நாட்டாரோடு எம்மொழியில் பேசிக்கொண்டனர், எதனைச் சரியெனவும் எதனைப் பிழையெனவும் திருத்தினர் என்பனவற்றை அவர்களே சொல்ல முடியும். அச்செய்திகளைத் திரட்ட எஞ்சியுள்ள காலம் சில ஆண்டுகளே. தமிழாய்வு நிறுவனங்கள் இப்பணியை உடனே ஏற்குமாயின், பெருந்தச்சனுக்குக் கல்வெட்டில் கிடைத்த ஒரு வரி இவர்களுக்கும் கிடைக்கும்.